முப்பத்தொன்பதில் நின்ற காற்று

எங்கள் கல்லூரிச் சொற்போரில் இரண்டு பேர் கொண்ட அணிக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதலில் எழுபவன் வாதத்தைக் கட்டுவான். இரண்டாமவன் எதிரணி பேசப் பேசக் குறிப்பெடுத்து, கடைசியில் எழுந்து மறுப்பான். எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். நான் எப்போதும் முதலில் பேசினேன்; மறுப்புரை எப்போதும் அவனுடையது. மூன்று ஆண்டுகளில், பேசும்போது ஒருமுறைகூட நான் திரும்பிப் பார்த்ததில்லை. முதுகுக்குப் பின்னால் அவன் பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறான் என்ற நினைப்பே என் குரலுக்குப் பாதி பலம்.

இருபத்தேழு வயதில் நினைவுக்குறிப்பு எழுதுவது செருக்கு என்று சொல்வார்கள். செருக்கு எனக்கு உண்டு. சாத்தான்குளத்தில் ஆசிரியர் வீட்டில் பிறந்து, ஞாயிறு பள்ளி மேடையில் ஐந்து வயதில் ஏறியவன் நான். கூட்டம் அமைதியாவதற்கு எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும், எந்தச் சொல்லில் குரலைத் தாழ்த்தவேண்டும் என்பதெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் முன்பே எனக்குப் பழகிவிட்டது. அந்தச் செருக்கு எங்கே அடி வாங்கியது என்பதை நானே சொல்லிவிடுகிறேன்.

அவன் எனக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக வேலைக்குச் சேர்ந்தான். தூத்துக்குடியிலிருந்து முத்தையாபுரம் போகும் சாலையில், உப்பளங்களைத் தாண்டி, கடலை ஒட்டி நின்ற ஒரு தொழிற்சாலை. அதன் பெயர் இங்கே தேவையில்லை. நான் மேற்படிப்பை முடித்து வந்தபோது என்னையும் அங்கே சேர்த்துவிட்டவன் அவன்தான். மேலாளரிடம் அவன் சொன்ன பரிந்துரையை எனக்கே ஒப்பித்துக் காட்டினான்: "நல்லாப் பேசுவான் சார். கம்ப்யூட்டர்கிட்டயும் பேசிப் பாக்கட்டும்."

அந்தக் கணிப்பொறி இரண்டு இரும்பு பீரோ அளவு இருக்கும். ஊர் முழுக்க உப்புக்காற்றில் துருப்பிடித்துக்கொண்டிருக்க, அது மட்டும் குளிரூட்டிய அறையில் இருந்தது. அதற்குள் எந்த வேலை எப்போது நடக்கவேண்டும் என்று ஆளுகிற அடிப்படைப் புரோகிராமைக் கர்னல் என்போம். கர்னலுக்கு அச்சு இயந்திரத்தின் பேச்சும் தெரியாது, காற்றுமானியின் பேச்சும் தெரியாது. ஒவ்வொரு கருவிக்கும் கர்னலுக்கும் நடுவே நின்று, அங்கே கேட்டதை இங்கே சொல்ல ஒரு சிறு புரோகிராம் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். அந்த ஆண்டு கணிப்பொறியை விற்றவர்கள் புதிய கர்னல் ஒன்றை வட்டில் பதிந்து அனுப்பியிருந்தார்கள். பழைய டிரைவர்கள் அதில் ஓடா. நான்கு டிரைவர்களைப் புதியதற்கு ஏற்ப மாற்றி எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது: தட்டச்சு முனை, காகிதநாடா படிப்பான், வரி அச்சுப்பொறி, காற்றுமானி.

நான்கையும் முதலில் எழுதியவன் அவன். கோடு போட்ட அகலக் காகிதத்தில் அச்சிட்ட நான்கு கட்டுகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான்.

"இந்தா. எம் பிள்ளையள் நாலும். பாத்து வளத்துக்கோ."

"உன் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் பத்தாதுலே," என்றேன். "புது வீட்டுல கண்ட ரூமுக்குள்ள எல்லாம் போகமுடியாது."

அது வேடிக்கைக்குச் சொன்னதானாலும் உண்மை. பழைய கர்னலில் டிரைவர் வீட்டு ஆள் மாதிரி. நினைவகத்தில் தனக்கென்று ஒரு நிலையான இடத்தை வைத்துக்கொண்டு, நினைத்தபோது எதையும் தொடலாம். புதிய கர்னலில் டிரைவர் விருந்தாளி. இடத்தைக் கேட்டுத்தான் பெறவேண்டும். கருவி கூப்பிட்டதும் ஓடிப்போய் எண்ணை வாங்கி, வரிசையில் வைத்துவிட்டு, அக்கணமே விலகவேண்டும். மற்ற வேலையைத் தன் முறை வரும்போதுதான் செய்யலாம். ஆகவே ஒவ்வொரு டிரைவரையும் இரண்டாக வெட்டித் தைக்கவேண்டியிருந்தது. அச்சுப்பொறி டிரைவர் முதல் வாரம் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை அடித்தது. "உன்னை மாதிரியேதான் இருக்கு. சொன்னதையே திருப்பிச் சொல்லுது," என்று அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

நான்கில் காற்றுமானிதான் கௌரவமானது. தொழிற்சாலைக்கென்று சிறு படகுத்துறை ஒன்று இருந்தது. வெளியே நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து தோணிகள் நிலக்கரி கொண்டுவரும். ஒரு கிரேன் அதை அள்ளிக் கரையில் கொட்டும். கிரேனின் உச்சியில் காற்றுமானி சுழலும். காற்றின் வேகம் மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தொட்டால் கணிப்பொறி கிரேன் கூண்டுக்குள் ஒரு சிவப்பு விளக்கை எரியவிடும், கிரேன் நிற்கவேண்டும். ஆனி பிறந்து கச்சான் காற்று மேற்கேயிருந்து இறங்கும்போது தேரிக்காட்டுச் செம்மணல் பல்லில் நறநறக்கும். தொங்கும் கரிவாளி ஊஞ்சலாகும். அந்த வாளிக்கு அடியில், தோணிக்குள், மனிதர்கள் நின்று வேலை பார்ப்பார்கள்.

அந்த ஆண்டு கிரேனுக்குப் புது ஆபரேட்டர் வந்திருந்தார். ஆழ்வார்திருநகரிப் பக்கத்து நெல்லுக் கிராமத்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆற்றுப் பாலம் கட்டிய இடத்தில் கிரேன் ஓட்டப் பழகியவர். முன்பு இருந்தவர் கடலோரத் திரேஸ்புரத்துக்காரர். விசைப்படகில் பங்கு கிடைத்ததும் வேலையை விட்டுவிட்டார். கர்னல் மாறப்போவதால் விளக்கு ஏற்பாட்டைப் பற்றித் தொழிலாளர்களிடம் பேசச் சொல்லி மேலாளர் என்னைப் படகுத்துறைக்கு அனுப்பினார். தொழிற்சாலையின் வரவேற்புரை, நன்றியுரை எல்லாம் அதற்குள் என் பொறுப்பாகியிருந்தன. கவிழ்த்துப்போட்ட ஒரு மரப்பெட்டிமேல் ஏறி நின்று கால்மணி நேரம் பேசினேன். மனிதக் கண் அயரும், இந்தக் கண் அயராது என்றேன். காற்றை அளக்க உங்கள் தோலை நம்பவேண்டாம், இந்த விளக்கை நம்புங்கள் என்றேன். கை தட்டினார்கள். கூட்டம் கலைந்தபின் ஆபரேட்டர் பக்கத்தில் வந்து கேட்டார்.

"சார், எனக்குக் கடக்காத்து பழக்கம் இல்ல பாத்துக்கிடுங்க. வயக்காட்டுக் காத்துதான் தெரியும். அந்த லைட்டைப் பாத்து ஓட்டுனாப் போதும்லா?"

"போதும் அண்ணாச்சி. அது பொய் சொல்லாது."

அந்த ஐந்து சொற்களையும் எந்த மேடையிலும் பேசாத உறுதியோடு சொன்னேன்.

புதிய கர்னல் ஓடிய முதல் நாள் காலையிலேயே சிவப்பு விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. மதியத்துக்குள் கிரேன் ஐந்தாறு தடவை நின்றுவிட்டது. மேலாளர் சென்னையிலிருந்து வந்தவர். குரலை உயர்த்தாமல் கோபப்படுவார்.

"இதே சீசன்ல போன வருஷம் இந்த லைட் ஒரு தடவைகூட எரியலையே. காத்து மாறலை. கர்னல் மாறியிருக்கு. உங்க டிரைவர் மாறியிருக்கு. அப்ப எங்கே தப்பு?"

பழைய வட்டைப் போட்டு ஓட்டினோம். விளக்கு எரியவில்லை. புதிய வட்டைப் போட்டோம். எரிந்தது. இதற்கு மேல் சான்று என்ன வேண்டும்? புதியது பழையதைப் போலவே நடக்கவேண்டும் என்பதுதான் இந்த வேலையில் ஏற்புக்கு விதி. பழையது சட்டம்; புதியது சாட்சி. சாட்சி பிறழ்ந்தால் சட்டத்தை யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

ஆய்வுக் கூட்டத்தில் பதினைந்து நிமிடம் பேசினேன். அவன் கொடுத்த கட்டை வரிக்கு வரி வைத்துத்தான் எழுதினேன் என்று காட்டினேன். பழைய வரி எது, அதற்கு ஈடான புதிய வரி எது என்று கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதினேன். முடித்துவிட்டு உட்கார்ந்தேன். இனி மறுப்புரை அவனுடையது. மேலாளர் அவனைப் பார்த்தார்.

"பழைய டிரைவர் ரெண்டு வருசமா ஓடுது சார்," என்றான் அவன். "இதுவரைக்கும் ஒரு புகாரும் வந்ததில்ல."

அவ்வளவுதான். பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பிறகு மூன்று வாரம் நான் என்னையே நம்பாமல் வாழ்ந்தேன். வாழ்நாளில் முதல்முறை. டிரைவரைப் பதினான்கு தடவை திருப்பி எழுதினேன். வரிசை நிரம்பி எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றனவோ என்று பார்த்தேன். இரண்டு வேலைகள் ஒரே இடத்தைத் தொட்டு எண்ணைக் கெடுக்கின்றனவோ என்று பார்த்தேன். அவன் தினமும் சாயங்காலம் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தான். கட்டைப் பிரித்து அவன் வரிகளை வாசிப்பான். நான் என்னுடையதில் விரல் வைத்துச் சரிபார்ப்பேன்.

"மாத்துக்கருவியில உப்பு ஏறியிருக்குமோ?" என்று ஒருநாள் கேட்டான். அனலாக் அளவை எண்ணாக மாற்றும் பலகையைக் கழற்றி, முனைகளை ஒவ்வொன்றாக ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். ஒன்றரை நாள் ஆனது. பக்கத்தில் நின்று பஞ்சை நனைத்துக் கொடுத்தவன் அவன்.

"மண்டையப் போட்டு உடைச்சிக்காதலே. யாருக்கும் வாரதுதான்," என்று தோளைத் தட்டினான். அவன் வீட்டிலிருந்து வந்த சோற்றில் பாதியை எனக்குப் பிரித்து வைத்தான். அந்த மூன்று வாரத்தில் நான் சாப்பிட்ட மீன்குழம்பின் ருசியை இன்னும் என்னால் துப்பமுடியவில்லை.

என்னை மீட்டது எனக்கு அதுவரை முகம் மட்டுமே தெரிந்த ஒருவர். கருவி அறையில் வேலை பார்த்த மெக்கானிக், திரேஸ்புரத்துக் கத்தோலிக்கர். காற்றுமானியிலிருந்து இன்னொரு கம்பி அவர் அறைக்கும் போனது. அங்கே ஓர் உருளையில் சுற்றிய கட்டக் காகிதத்தின்மேல் ஒரு பேனா, கணிப்பொறியோடு எந்த உறவும் இல்லாமல், காற்றின் வேகத்தை நாள் முழுதும் கோடாகக் கிழித்துக்கொண்டிருக்கும். கணிப்பொறி வருவதற்கு முன்பே பொருத்தியது. காகிதம் தீர்ந்தால் புதுச் சுருளை மாட்டி, பழையதை ஒரு தகரப் பெட்டியில் போடுவார். யாரும் கேட்பதில்லை.

ஸ்பிரிட் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"என்ன சார், சீக்குக்காரன் மாதிரி அலையுதிய? உங்க கம்ப்யூட்டர் சொல்லுதது கெடக்கட்டும். எம் பேனா என்ன சொல்லுதுன்னு ஒருநாளாவது கேட்டியளா?"

சுருளை விரித்தார். முதல் நாள் காலைக் கோடு கோபுரம் கோபுரமாக நின்றது. நாற்பத்திரண்டு. நாற்பத்தேழு. ஒரு இடத்தில் ஐம்பதைத் தொட்டுத் திரும்பியிருந்தது. என் டிரைவர் விளக்கை ஏற்றிய நிமிடங்கள் எல்லாம் அந்தக் கோபுரங்களின்மேல் ஒவ்வொன்றாகப் பொருந்தின.

"போன வருசத்துச் சுருள் இருக்கா?"

"எல்லாம் இருக்கு. எலிதான் கொஞ்சம் வாசிச்சிருக்கு."

சென்ற ஆண்டு ஆனி மாதச் சுருளையும், அதே நாட்களுக்குப் பழைய கணிப்பொறி அச்சிட்ட தாள்களையும் தரையில் பக்கம் பக்கமாக விரித்தோம். பேனா நாற்பத்தைந்துக்கு ஏறுகிறது. அச்சுத்தாள் முப்பத்தாறு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று ஏறி, அதன்பின் முப்பத்தொன்பது, முப்பத்தொன்பது, முப்பத்தொன்பது என்று ஒரு பத்தி முழுக்க இறங்குகிறது. பேனா தாழும்போதுதான் அதுவும் தாழ்கிறது. கச்சான் காற்று நாற்பதின் வாசலில் வந்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிற்குமா?

மெக்கானிக் குனிந்து பார்த்தார். "அடப் பாவியளா," என்றார் மெதுவாக. "காத்துக்கே கடிவாளம் போட்டிருக்கானுவ."

என் அறைக்குப் போய்ப் பழைய வட்டை ஏற்றினேன். வரிகளை நம்பாமல், ஓடிக்கொண்டிருக்கும் டிரைவர் நினைவகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எண்களாக அச்சிட்டேன். அதை அவன் கொடுத்த கட்டோடு எண்ணுக்கு எண் ஒப்பிட்டேன். எல்லாம் ஒத்துவந்தன, ஓரிடம் தவிர. அந்த இடத்தில் இருக்கவேண்டிய கட்டளை இல்லை. அதற்குப் பதில், தொலைவில் வெற்றாகக் கிடந்த ஒரு மூலைக்குத் தாவச் சொல்லும் கட்டளை இருந்தது. அந்த மூலையில், அவன் கொடுத்த காகிதக் கட்டில் இல்லாத ஐந்தாறு எண்கள். வேகம் முப்பத்தொன்பதுக்கு மேலா? மேல் என்றால் முப்பத்தொன்பது என்று சொல். பிறகு ஒன்றும் நடவாததுபோல் பழைய வழிக்குத் திரும்பு.

ஓடும் புரோகிராமில் அவன் நேரே கைவைத்து மாற்றியிருக்கிறான். காகிதத்தில் மாற்றவில்லை. எனக்குக் கொடுத்தது அந்தக் காகிதத்தை. மூன்று வாரம் சாயங்காலந்தோறும் என் எதிரில் உட்கார்ந்து அவன் உரக்க வாசித்ததும் அதே காகிதத்தைத்தான்.

அன்று சாயங்காலம் ஊருக்குத் திரும்பும் பேருந்தில் வழக்கம்போல் அவன் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தான். உட்கார்ந்தேன். அச்சிட்ட தாளை மடித்து அவன் மடியில் வைத்தேன். பிரித்துப் பார்த்தான். முகம் மாறவில்லை.

"கண்டுபிடிச்சிட்டியா?" என்றான்.

"ஏன்லே?"

"நான் சேந்த புதுசு. இதே கச்சான். நாளுக்குப் பத்துத் தடவை லைட்டு எரியும். தோணி வரிசையா நிக்கும். இந்த லைட்டை என்னமாவது பண்ணுப்பான்னாரு மேனேஜர். பண்ணினேன். நாப்பதுன்னு வெச்சவன் எங்கயோ குளுருல உக்காந்து வெச்சான். அவனுக்குக் கச்சானைத் தெரியுமா? அப்ப இருந்த அண்ணாச்சி காத்து ஏறுனா அவரே வாளிய எறக்கி வெச்சிட்டு பீடி பத்த வெப்பாரு. லைட்டை அவரு திரும்பிக்கூடப் பாத்ததில்ல. யாருக்கு என்ன கேடு?"

"அதைக் கேக்கல. எனக்கு ஏன் சொல்லல? மூணு வாரம் நான் செத்தேன். பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தியே."

அவன் சன்னல் பக்கம் திரும்பினான். உப்பளங்களில் வெள்ளைக் குவியல்கள் வரிசையாகப் பின்னால் போயின.

"உங்கிட்ட எப்பிடிலே சொல்ல? உங்கிட்ட ரகசியம் சொன்னா அது மறுநாளே சொற்பொழிவு ஆயிரும். 'சபையோர்களே'ன்னு ஆரம்பிச்சிருவ. எம் வேலை போயிரும்."

"நான் அப்பிடிப்பட்டவனா?"

"நீ நல்லவன். அதான் பயம்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "காலேஜ்ல சீட்டு எந்தப் பக்கம் விழுந்தாலும் அந்தப் பக்கம் பேசுனோம். மதுவிலக்கு வேணும்னும் பேசினோம், வேண்டாம்னும் பேசினோம். அப்பல்லாம் உனக்கு நெஞ்சு அடிக்கலயே. இப்ப ஒரே ஒரு எண்ணு. அதுக்கு இந்தப் பாடா?"

"மேடையில சீட்டு விழுந்தது எல்லாருக்கும் தெரியும்லே! இங்க எனக்கு மட்டும் தெரியாதுல்லா!"

என் குரல் உயர்ந்துவிட்டது. நடத்துநர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் சாய்ந்தார். "என்ன சார், வண்டியிலயே பட்டிமன்றமா? நடுவர் வேணும்னா நான் இருக்கேன். மொதல்ல டிக்கெட் எடுங்க."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் எழுந்து, மீதித் தூரம் முழுவதும் படிக்கட்டுப் பக்கம் நின்றே வந்தேன். அதன்பிறகு அவன் பக்கத்தில் நான் உட்கார்ந்ததில்லை.

அடுத்த கூட்டத்துக்கு என் வாழ்வின் மிகச் சிறந்த உரையைத் தயாரித்தேன். சுருள்களை எந்த வரிசையில் விரிப்பது, எந்த இடத்தில் நிறுத்தி மேலாளரைப் பார்ப்பது என்பதுவரை. அந்த உரையை யாரும் கேட்கவில்லை. நான் எழுமுன் மேலாளர் புன்னகையோடு தொடங்கினார்.

"நல்ல சேதி. நேத்து உங்க ஃபிரண்ட் புது டிரைவரைச் சரிபண்ணிட்டார். காலையிலேர்ந்து ஓடுது. பழசும் புதுசும் அச்சு அசலா ஒத்துப்போகுது. ஏத்துக்கிட்டாச்சு. ரிப்போர்ட்ல உங்க பேர்தான் இருக்கு. கங்கிராஜுலேஷன்ஸ்."

மேசைமேல் அறிக்கை. எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர். நான் இரண்டாக வெட்டி, அளந்து, தைத்த டிரைவருக்குள் அவனுடைய அந்த ஐந்தாறு எண்கள் போய் உட்கார்ந்துவிட்டன. இம்முறை காகிதத்திலும் இருந்தன. என் வரிகளின் நடுவே, என் பெயருக்குக் கீழே. அவன் எதிரே உட்கார்ந்து பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தான்.

சுருள்களைக் கையில் எடுத்தேன். நியாயப்படி அப்போது நான் விரித்திருக்கவேண்டும். வாய் திறந்தேன். வந்த சொற்கள் வேறு.

"இந்த டிரைவர் நான் எழுதியது அல்ல. என் பெயரை எடுத்துவிடுங்கள்."

மேலாளர் புருவத்தை உயர்த்தினார். அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே அவருக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குப் புரிந்தது. பேனாவை எடுத்து என் பெயரை அடித்தார். அவன் பெயரை எழுதினார்.

"அவ்வளவுதானே?" என்றார்.

தலை நிமிர்ந்து வெளியே வந்தேன். கறையில்லாமல் வந்துவிட்டதாக ஒரு பெருமிதம். வெயிலில் ஒரு நூறு அடி நடந்திருப்பேன். படகுத்துறையில் கிரேன் சுழன்றது. கச்சான் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வாளி ஆடியது. கூண்டுக்குள் ஆபரேட்டர் ஒரு கையை நெம்புகோலில் வைத்தபடி, நான் சொன்னதுபோல், விளக்கைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். விளக்கு எரியவில்லை. அது இனி எரியவே போவதில்லை. பொய்யிலிருந்து என் பெயரை மட்டும் நான் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். பொய்யை அங்கேயே விட்டுவிட்டேன். அவன் என்னை ஏமாற்றினான் என்று பேருந்தில் கத்தியவனுக்கு, இந்த மனிதரின் நினைவு அந்த அறையில் ஒருகணம்கூட வரவில்லை.

கீழே நின்று கையசைத்தேன். அவர் வாளியைக் கரையில் இறக்கி வைத்துவிட்டு இறங்கி வந்தார். தோணியிலிருந்தும் நாலைந்து பேர் ஏறி வந்தார்கள். நான் நின்று பேசிய மரப்பெட்டி அங்கேயேதான் கிடந்தது. அதில் ஏறவில்லை.

"அண்ணாச்சி, அந்த லைட்டை நம்பாதிய," என்றேன். காற்றில் பாதி பறந்துவிட்டது. மறுபடி சொன்னேன்.

"என்ன சொல்லுதிய?"

"நாப்பதுக்கு மேல போனாலும் அது எரியாது. அப்பிடி மாத்திட்டாங்க. மேலே கேட்டாலும் பிரயோஜனம் இல்ல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபம் இல்லாமல், புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ளும் முயற்சியோடு கேட்டார்:

"அன்னைக்கு இதே எடத்துல நின்னு, அது பொய் சொல்லாதுன்னு சொன்னது நீங்கதான சார்?"

"நான்தான்."

"இன்னைக்குச் சொல்லுததை மட்டும் நான் எப்பிடி நம்ப?"

எந்தச் சபையிலும் என்னிடம் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதை மறுக்க எனக்குப் பின்னால் ஒருவன் இருந்தான். ஆபரேட்டர் விடவில்லை.

"சரி, போகுது. இப்ப அடிக்கிது பாருங்க காத்து. இது நாப்பதுக்கு மேலயா, கீழயா? சொல்லுங்க, அதை வெச்சு ஏறுதேன்."

முகத்தைக் காற்றுக்குக் காட்டி நின்றேன். மணல் கண்ணில் விழுந்தது. எனக்குத் தெரியவில்லை.

"தெரியாது அண்ணாச்சி."

தோணிக்காரர் ஒருவர் சிரித்தார். "வாயத் தொறந்தாப் பொழியுத ஆளு. இன்னைக்கு வறண்டு போச்சுடோய்."

நான் கருவி அறைக்கு ஓடினேன். பேனா நாற்பத்து நான்கில் நடுங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் எண்ணெய் துடைக்க வைத்திருந்த சிவப்புத் துணியை உதறி எடுத்து, கடலைப் பார்த்த சன்னலின் கம்பியில் கட்டினார். கிரேன் கூண்டிலிருந்து பார்த்தால் அந்தச் சன்னல் நேரே தெரியும். அன்று மாலைக்குள் மூவரும் பேசி முடிவு செய்தோம்: பேனா நாற்பதைத் தொட்டால் துணி வெளியே தொங்கும், இறங்கினால் உள்ளே போகும். அதைச் சொல்ல எனக்குப் பத்துச் சொற்கள்கூடத் தேவைப்படவில்லை.

ஆபரேட்டர் மறுநாளிலிருந்து துணியைப் பார்த்து ஓட்டினார். துணி தொங்கும்போது வாளியை இறக்கி வைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றோ கம்பிக்கு மசகு போடவேண்டும் என்றோ காரணம் சொல்வார். என்னைக் கண்டால் வணக்கம் சொல்வார். முன்போல் நின்று பேசுவதில்லை. மெக்கானிக்கிடம் மட்டும், "இன்னைக்கு எப்பிடி அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு ஏறுவார். அந்தக் கேள்வி என்னிடம் ஒருநாளும் வந்ததில்லை.

கணிப்பொறி அறைக்குப் போகிற வழி அந்தச் சன்னலுக்கு அடியில்தான். அவன் நாளுக்கு நான்கு தடவையாவது அதைக் கடந்து போவான். துணி அவன் தலைக்குமேல் படபடக்கும். உள்ளே போய் அச்சுத்தாளைக் கிழித்தால் முப்பத்தொன்பது என்றிருக்கும். ஆனியும் ஆடியும் முழுக்கப் போயின. அந்தத் துணி எதற்கு என்று அவன் யாரிடமும் கேட்கவில்லை.